காம்பில் அழுகுதா, விலாவில் அழுகுதா? அறுவடைக்குப் பின் காய், பழம் கெட்டால் பார்க்க வேண்டியவை

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணம் பக்கம் நாங்கள் வைத்திருக்கும் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு, மாம்பழக் காலம் தொடங்கியதும் வரும் கேள்வி இதுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, இன்னிக்கு எப்படிக் கெட்டுப்போச்சு?" நேற்று வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பறிக்கும்போதோ ஏற்றும்போதோ பட்ட அடி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முகம் காட்டும். அதனால் கெட்டதைக் குழியில் கொட்டுவதற்கு முன் அழுகல் எந்த இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

கழித்ததை ஒரே குவியலாகப் போடாதீர்கள். காம்படி அழுகல், விலாவில் கன்றியது, புள்ளி விழுந்தது, புழு, வாடல் என்று தனித்தனியாகப் போடுங்கள். எந்தக் குவியல் பெரிதாக இருக்கிறதோ, கீழே அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் எழுதியிருக்கிறேன். குளிர்அறை, இயந்திரம் எல்லாம் கடைசியில்தான் வரும்.

மாம்பழம்: காம்படியில் கறுத்து, வளையமாகக் கீழே இறங்குகிறது

குவியலிலிருந்து ஒரு கூடை எடுத்துக் காம்பை மட்டும் பாருங்கள். பெரும்பாலானவற்றில் காம்பே இல்லாமல் குழி தெரிகிறதா? அப்படியானால் கோளாறு பறிப்பில் இருக்கிறது. மரத்தை உலுக்கியிருப்பார்கள், அல்லது தொரட்டியில் கத்தி மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் பிடுங்கியிருக்கும். வலை கட்டிய தொரட்டியில் கூரான கத்தி வைத்து, நீளக் காம்போடு இறக்கி, நிழலுக்கு வந்தபின் 1 சென்டிமீட்டர் விட்டு நறுக்குவதுதான் முறை. மல்கோவா மாதிரி கனமான பழம் கீழே விழுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் அதைத் தனியாக வைத்து உள்ளூரிலேயே உடனே விற்றுவிட வேண்டும். சென்னை வண்டியில் ஏற்றக் கூடாது.

காம்பு இருந்தும் அழுகுகிறதா? பறித்த காயை எங்கே குவித்தார்கள் என்று கேளுங்கள். வெறும் மண்ணில், ஈரச் சருகின் மேல் குவித்தால் வெட்டிய காம்பில் பூஞ்சை ஏறும். ஒரு தார்ப்பாயும் அதன்மேல் காய்ந்த வைக்கோலும் போதும்.

இரண்டும் சரியாக இருந்தால் மரத்தை அண்ணாந்து பாருங்கள். உள்ளே காய்ந்த குச்சிகள் நிறையத் தொங்கினால் பூஞ்சைக்கு வீடு அதுதான். இந்த வருடம் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பறிப்பு முடிந்ததும் காய்ந்த குச்சியை வெட்டி எரித்துவிடுங்கள். அதற்கடுத்த வருடமும் அதே அளவு அழுகினால்தான் தோட்டக்கலை அலுவலரைத் தோட்டத்துக்கே அழைத்து வந்து மரத்தைக் காட்ட வேண்டும்.

மாம்பழம்: தோலில் கோடு கோடாகக் கருகல்

இது நோய் இல்லை. காம்பு முறிந்ததும் பீய்ச்சி அடிக்கும் பால் தோலைச் சுட்ட தடம். கோடு காம்பிலிருந்து கீழ்நோக்கி ஓடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். முதல் ஒரு நிமிடத்தில் வரும் பாலுக்குத்தான் எரிக்கும் குணம் அதிகம். காம்பு நாலைந்து விரற்கடை நீளமாக இருக்கும்வரை பால் பீய்ச்சாது. நறுக்கும் நொடியில் காயைத் தலைகீழாகப் பிடித்து, காம்பு கீழே பார்க்கும்படி மரச்சட்டத்திலோ கயிற்றுக் கட்டில் மேலோ இரண்டு மணி நேரம் வைத்தால் பால் தரையில் சொட்டிப் போய்விடும். பழைய கயிற்றுக் கட்டில் இதற்கு வாங்கிய சட்டத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

கருகல் இருந்தும் சதை நன்றாக இருந்தால் அந்தப் பழம் கூழுக்குப் போகும். சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூராவை வாங்கும் கூழ் ஆலைகள் தோலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தூக்கி எறிய வேண்டாம்.

மாம்பழம்: காயில் ஒன்றுமில்லை, பழுக்கப் பழுக்கக் கரும்புள்ளி

பூக்கும்போதும் பிஞ்சிலும் பெய்த மழையில் ஏறிய பூஞ்சை, காய் பழுக்கும்வரை தோலுக்குள் சும்மா இருந்துவிட்டு வெளியே வருகிறது. கொட்டகையில் என்ன சுத்தம் பார்த்தாலும் இது நிற்காது. கைவசம் இருப்பது வெந்நீர் ஒன்றுதான்.

52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி எடுத்து, சாதாரணத் தண்ணீரில் ஆற்றி, நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். கையை விட்டுப் பார்த்து "சூடு போதும்" என்று சொல்லும் வேலை இதில் ஆகாது. 55 டிகிரியைத் தாண்டினால் தோல் வெந்துவிடும், 48இல் செய்தால் 5 நிமிடத்தில் பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வெப்பமானி வாங்குங்கள். அண்டாவில் காயைப் போட்டதும் தண்ணீரின் சூடு இறங்கும், அதனால் போட்டபின் மறுபடி பாருங்கள். காய் தண்ணீரில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. எல்லாக் காயையும் முதல்முறையே முக்காமல், ஒரு கூடையை முக்கி, இன்னொரு கூடையை அப்படியே வைத்து ஒரு வாரம் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் புள்ளி விழுந்தால் உங்கள் சூடு சரியில்லை, அல்லது வேறு நோய்.

பறித்த காய்க்கு மருந்துக்கடையில் சொல்லும் பூஞ்சைக்கொல்லியை முக்கி எடுக்கும் பழக்கம் வேண்டாம். இரண்டு நாளில் ஒரு குழந்தை கடித்துத் தின்னப் போகிற பழம் அது.

மாம்பழம்: வெளியே மஞ்சள், உள்ளே புளிப்பு. அல்லது பழுக்காமல் சுருங்கி வெம்பிவிடுகிறது

முதல் சந்தேகம் முற்றாத காய் மேல். ஏப்ரலில் விலை ஏறும்போது பாதி முற்றியதையும் சேர்த்து இறக்குவார்கள். சோதனை எளிது: ஒரு தொட்டித் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும், முற்றாதது மிதக்கும். மூழ்காததைப் பழுக்க வைக்காதீர்கள், ஊறுகாய்க்குக் கொடுங்கள். காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து, காம்படி சற்றுக் குழிந்திருப்பதும் முற்றலுக்கு அடையாளம்.

காய் மூழ்குகிறது, ஆனால் பழம் மட்டும் ஒரே மாதிரி மஞ்சளாகி வாசனையே இல்லையா? கல் வைத்துப் பழுக்க வைத்திருக்கலாம். கால்சியம் கார்பைடு வைப்பது 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி தடை செய்யப்பட்டது. சேலத்தில் சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் பழம் முழுவதும் குப்பைக்குத்தான் போகும். சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்காகப் பார்த்தாலும் நட்டம்தான், அந்தப் பழம் நிற்காது. பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு, ஆனால் அதற்கு அடைத்த அறை வேண்டும். எத்திலீன் வெளிவிடும் பொடிப் பொட்டலத்தைப் பழத்தோடு ஒட்ட வைக்கவும் கூடாது. அளவு சின்னது என்றால் வைக்கோலில் அடுக்கி வைப்பதே போதும். நாலைந்து நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மாம்பழம்: அறுத்தால் புழு, அல்லது கொட்டைக்குள் வண்டு

தோலில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளியும், அதைச் சுற்றி மெத்தென்ற இடமும் இருந்தால் பழ ஈ. பறித்தபின் செய்ய ஒன்றுமில்லை. மேலே சொன்ன 5 நிமிட வெந்நீரில் பழ ஈயின் புழு சாகாது. வேலை தோட்டத்தில் இருக்கிறது: விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும், காய் முற்றும் முன்பே ஏக்கருக்கு ஆண் ஈயை இழுத்துப் பிடிக்கும் மீத்தைல் யூஜினால் பொறி 4 முதல் 6 கட்ட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரும் கட்டினால்தான் பலன் முழுதாகக் கிடைக்கும்.

வெளியே ஒரு தடமும் இல்லாமல் கொட்டைக்குள் கறுப்பு வண்டு இருந்தால் அது வேறு பூச்சி. பிஞ்சாக இருந்தபோதே உள்ளே போய்விட்டது. சதை நன்றாக இருந்தால் உள்ளூரில் விற்கலாம், ஏற்றுமதிக்கு ஆகாது.

தக்காளி: இரண்டாம் நாளே ஒழுகுகிறது

தலைவாசல் மார்க்கெட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும், ஒழுகும் தக்காளி எப்போதும் அடிக் கிரேட்டில்தான் இருக்கும். எனவே முதல் சோதனை: ஒழுகுவது எல்லாக் கிரேட்டிலுமா, அடியில் மட்டுமா?

அடியில் மட்டும் என்றால் கிரேட்டைக் கோபுரமாக நிரப்புகிறீர்கள். மேல் கிரேட்டின் எடையைக் கீழ்க் கிரேட்டின் விளிம்புதான் தாங்க வேண்டும், தக்காளி தாங்கக் கூடாது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். ஒரு கிரேட்டில் இரண்டு கிலோ குறையும், வாடகை கொஞ்சம் கூடும். ஆனால் மண்டியில் கழிவு என்று தள்ளுவதைக் கணக்குப் போட்டால் அந்த வாடகை ஒன்றுமில்லை.

எல்லாக் கிரேட்டிலும் அங்கங்கே ஒழுகினால் ஒழுகும் பழத்தைத் துடைத்துப் பாருங்கள். சின்னத் துளை தெரிகிறதா? பக்கத்துப் பழத்தின் காம்பு குத்தியது. தக்காளிக்குக் காம்பை நீக்கிவிட வேண்டும். மாம்பழத்துக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர், குழப்பிக்கொள்ளாதீர்கள். துளை இல்லை, கீறல் இருக்கிறது என்றால் கிரேட்டின் உள்பக்கத்தைக் கையால் தடவுங்கள். உடைந்த பிளாஸ்டிக் முனை கையில் படும்.

துளையும் இல்லை, கீறலும் இல்லை. ஆனால் காம்புக் குழியிலிருந்து உள்ளே கொழகொழவென்று அழுகி நாற்றம் வருகிறது. இதைத்தான் அதிகம் பேர் கண்டுபிடிக்காமல் விடுகிறார்கள். வெயிலில் பறித்த சூடான தக்காளியை அப்படியே குளிர்ந்த போர்வெல் தண்ணீரில் கொட்டிக் கழுவினால், பழம் சூடு இறங்கிச் சுருங்கும்போது காம்புக் குழி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரோடு அழுகல் கிருமியும் போகும். வெளித்தோல் பளபளவென்று இருக்கும், மூன்றாம் நாள் உள்ளிருந்து கரையும். வழி இரண்டு. கழுவாமல் துணியால் துடைத்து அனுப்புவது ஒன்று. கழுவியே ஆக வேண்டும் என்றால், பழத்தை நிழலில் ஆறவைத்து, பழத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவது இன்னொன்று. 100 லிட்டர் தண்ணீருக்கு 33 கிராம் புது ப்ளீச்சிங் பவுடர் கலந்தால் 100 பிபிஎம் குளோரின் வரும். சாக்கைத் திறந்து மாதக்கணக்கில் வைத்த பவுடருக்கு வீரியம் இருக்காது. தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் எவ்வளவு பவுடர் போட்டாலும் வீண். காலிக் கிரேட்டுகளையும் இதே பவுடரில் இரண்டு மடங்கு கலந்து கழுவி வெயிலில் காயவையுங்கள். போன வாரம் அழுகிய தக்காளியின் சாறு ஒட்டிய கிரேட்டில் இந்த வாரத்துச் சரக்கை நிரப்புவதை நம்மூரில் யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை.

இவ்வளவும் சரி என்றால் பறிக்கும் பருவத்தைப் பாருங்கள். சூரமங்கலம் உழவர் சந்தைக்கு நாளைக் காலை போவதென்றால் முழுச்சிவப்பு சரிதான். சென்னைக்கோ கேரளாவுக்கோ போவது நிறம் திரும்பத் தொடங்கும்போதே பறித்ததாக இருக்க வேண்டும்.

பழத்தின் அடியில் மட்டும் காய்ந்த பழுப்பு வட்டம் தெரிந்தால் அது பறிப்புக்குப் பிந்திய கோளாறே இல்லை. செடிக்குச் சுண்ணாம்புச் சத்தும் சீரான பாசனமும் கிடைக்கவில்லை. இந்த வழிமுறையில் அதற்கு மருந்து கிடையாது.

கத்தரி, வெண்டை, பீன்ஸ், கீரை: மாலைக்குள் வாடிவிடுகிறது

தண்ணீர் போய்விட்டது, வேறொன்றுமில்லை. எப்போது போனது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கூடையை வயலில் எடை போடுங்கள், கொட்டகையில் போடுங்கள், சந்தையில் இறக்கும்போதும் போடுங்கள். நூற்றுக்கு ஐந்து எடை குறைந்தாலே பல காய்கள் வாடித் தெரியும். எந்தக் கட்டத்தில் அதிகம் குறைகிறதோ அங்கே சரிசெய்யுங்கள்.

வயலுக்கும் கொட்டகைக்கும் இடையில் குறைந்தால் பறிக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். மே மாதச் சேலம் வெயில் 40 டிகிரியை எட்டும்போது 11 மணிக்குப் பறித்த கீரையை யாராலும் காப்பாற்ற முடியாது. விடியலில் பறித்து, உடனே மரத்தடிக்குக் கொண்டுவாருங்கள். வேப்ப மரத்து நிழல் 8 மணிக்கு இருந்த இடத்தில் 10 மணிக்கு இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

வண்டியில் குறைந்தால் திறந்த ஆட்டோவின் காற்றுதான் காரணம். மேலே தார்ப்பாய், அதற்கு அடியில் ஈரச் சாக்கு. வெண்டைக்கு மட்டும் ஈரச் சாக்கு நேராகப் படக் கூடாது, விளிம்பு கறுத்துவிடும். நகம் பட்டாலும் வெண்டை கறுக்கும், அதனால் பறிப்பவர்களுக்குப் பருத்திக் கையுறை நல்லது.

கொட்டகையில் ஒரு நாள் வைக்க வேண்டியிருக்கிறதென்றால், புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த மின்சாரமில்லாக் குளிர்பெட்டியைக் கட்டுங்கள். இரட்டைச் செங்கல் சுவர், நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்றுமணல், காலையும் மாலையும் மணல் நனையத் தண்ணீர். 165 சென்டிமீட்டர் நீளம், 115 அகலத்தில் கட்டினால் சுமார் 100 கிலோ வைக்கலாம். மேலே ஓலைக் கூரை கட்டாயம். சேலத்தின் வறண்ட கோடையில் உள்ளே 10 டிகிரிக்கு மேல் குறையும். ஐப்பசி மழையில் இது பெரிதாக வேலை செய்யாது, ஏற்காட்டு மூடுபனியில் கட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

வாடாமல் மஞ்சளாகிறதா? பக்கத்தில் பழுத்த மாம்பழமோ வாழைத்தாரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். கீரைக்கும் வெள்ளரிக்கும் பழுத்த பழத்தோடு ஒரே அறை ஆகாது.

ஏற்காட்டு ஆரஞ்சு: பச்சைப் பூசணம், அல்லது தோலில் பழுப்புத் திட்டு

வெள்ளை வளையத்துக்கு நடுவே பச்சைப் பொடி தெரிந்தால் தோலில் எங்கோ காயம் இருக்கிறது. ஆரஞ்சை இழுத்துப் பறித்தால் காம்போடு தோலும் கிழியும். கத்தரிக்கோலால் காம்பை ஒட்ட நறுக்க வேண்டும், நீட்டி விட்டால் அது பக்கத்துப் பழத்தைக் குத்தும். அடுத்தது வண்டி. சேலம் இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவிலும் தளர்வாக நிரப்பிய பெட்டி உருண்டு அடிபடும். இறுக்கமாக, ஆனால் அழுந்தாமல் அடுக்கி, இடைவெளியில் காய்ந்த புல் வையுங்கள். பூசணம் பிடித்த பழத்தைக் கொட்டகைக்குள் உதறாதீர்கள், அந்தப் பொடி ஒவ்வொன்றும் விதை. ஈரத் துணியால் மூடி வெளியே கொண்டுபோங்கள்.

பூசணம் இல்லாமல் விரல் தடம் போலப் பழுப்புத் திட்டு விழுந்தால், பனி காயும் முன் பறித்திருக்கிறீர்கள். ஈரத்தில் விறைத்திருக்கும் தோலை அழுத்தினால் எண்ணெய்ப் பை உடைந்து தோலைச் சுட்டுவிடும். சமவெளிக்காரர்கள் விடியலில் பறியுங்கள் என்று சொன்னதை மலையில் கேட்காதீர்கள். மூடுபனி விலகி, தோல் காய்ந்தபின் பறித்தால் போதும்.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்தபின்தான் மெத்தென்றாகும். காம்பு விடாமல் பறித்ததில் காம்படி அழுகல்தான் முதலில் வரும். மாம்பழத்துக்குச் சொன்னதே இதற்கும்.

குளிர்அறையில் வைத்தும் கெடுகிறது

முதலில், வெளியே எடுத்த பிறகுதான் கெடுகிறதா என்று பாருங்கள். உள்ளே நன்றாக இருந்து, வெளியே வந்த இரண்டு நாளில் கத்தரியில் குழி விழுந்து விதை கறுத்தால், தக்காளி திட்டுத்திட்டாக நிறம் ஏறினால், மாம்பழத் தோல் சாம்பல் பூத்தால், அது குளிர் தாங்காத காய். மாம்பழத்துக்கும் நிறம் ஏற வேண்டிய தக்காளிக்கும் 13 டிகிரி, கத்தரிக்கு 10 முதல் 12, வெண்டைக்கு 7 முதல் 10. முட்டைக்கோசும் கேரட்டும் 0 முதல் 2 டிகிரியில் இருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே அறையில் 4 டிகிரியில் அடைத்தால் பாதி கெடத்தான் செய்யும். வெப்பநிலையைக் கூட்டுவதற்குச் செலவில்லை.

அறையில் குளிரே ஏறவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா (ஒரு காகிதத்தை இடுக்கிக் கதவைச் சாத்தி இழுங்கள், சுலபமாக வந்தால் மாற்ற வேண்டும்), பெட்டிகள் காற்று வரும் வாயை அடைக்கின்றனவா, வயல் சூட்டோடு டன் கணக்கில் ஒரேயடியாக ஏற்றினீர்களா, குழாய்ச் சுருளில் பனிக்கட்டி மூடியிருக்கிறதா. பனி இருந்தால் இயந்திரத்தை நிறுத்தி முழுவதும் உருகவிட்டு ஓட்டுங்கள். மறுநாளே திரும்பப் பனி பிடித்தால், அல்லது இயந்திரம் நிற்காமல் ஓடியும் குளிராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாயுக் கசிவாக இருக்கலாம், அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

மரவள்ளி: உள்ளே நீலக் கோடு

பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் வரும். கடப்பாரை பட்ட கிழங்கில் முதலில் வரும். அன்றே ஜவ்வரிசி ஆலைக்குப் போக வழியில்லையென்றால் பிடுங்காதீர்கள், மண்ணைவிட நல்ல கிடங்கு மரவள்ளிக்கு இல்லை. பிடுங்கிவிட்டீர்கள், லாரி வரவில்லை என்றால் அன்றே ஈரமணலில் மூடுங்கள். தேதி முன்பே தெரியுமென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன் தண்டை வெட்டிவிட்டால் கோடு விழுவது தள்ளிப்போகும்.

எப்போது, யாரிடம்

மேலே சொன்ன இலவச வேலைகளைச் செய்தும் ஒரே மாதிரி அழுகல் அடுத்தடுத்த பறிப்பில் வந்தால், ஒரே மரத்திலோ ஒரே வரப்போரத்திலோ மட்டும் வந்தால், அல்லது இங்கே சொன்ன எந்தக் குறியிலும் சேராவிட்டால் போக வேண்டிய இடங்கள்: சமவெளிக்காரர்களுக்குச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், மலைக்காரர்களுக்கு ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். சிப்பம் கட்டும் அறை, குளிர்அறை போன்றவற்றுக்கு மானியம் கேட்பதென்றால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். கட்டி முடித்துவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது, முதலில் கேளுங்கள். போனில் கேட்பதென்றால் விவசாயிகளுக்கான கிசான் கால் சென்டரின் 1800 180 1551 இலவச எண், தமிழில் பேசலாம்.

போகும்போது முழுவதும் அழுகியதைக் கொண்டுபோகாதீர்கள், அதில் பத்து விதப் பூஞ்சை ஏறியிருக்கும், யாராலும் மூலத்தைச் சொல்ல முடியாது. அழுகல் இப்போதுதான் தொடங்கிய நாலைந்து பழம், அதே மரத்து நல்ல பழம் இரண்டு, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சந்தியூர் போவதற்குள் வியர்த்துவிடும். பறித்த தேதி, மணி, அதற்கு முந்தைய வாரம் மழை பெய்ததா, கடைசியாக எந்த மருந்தை என்றைக்கு அடித்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.